போமட் பண்ணாதீங்க, அந்த டிஸ்க் பழுதாகல்ல

ஒரு ஹாட் டிஸ்க்க லெப்டொப்பில செருகினதும், "இதைப் பாவிக்க முதல் போமட் பண்ண வேணும், பண்ணவா?" எண்டு ஒரு பெட்டி வருமே. அந்தப் பெட்டியில எனக்குச் சரியான கோவம்.

ஏனெண்டா அது கேக்கிற கேள்வியே பிழை. "எனக்கு இத வாசிக்கத் தெரியல்ல" எண்டு சொல்லவேண்டிய இடத்தில, உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிக்கிறதுக்கு அனுமதி கேக்குது. அழிக்கிற பட்டனும் பக்கத்திலயே தயாரா நிக்குது. கொம்பியூட்டர் பழக்கமில்லாத ஆக்கள் என்ன செய்வாங்க? கேக்குதே எண்டு அமத்திருவாங்க.

அப்பிடி ஒராள் அமத்தப் பாத்ததாலதான் இந்தப் பதிவு.

வைகாசிச் சடங்குக்கு டொரொண்டோவில இருந்து பெரியப்பாட மகன் வந்திருந்தார் (எனக்கு அண்ணன் முறை). கொண்டுவந்த சாமான்களுக்குள்ள ஒரு கறுத்த ஹாட் டிஸ்க், 1 டெராபைட். ஊரில எடுத்த பழைய வீடியோக் கசெட்டுகள் பல கைமாறி அவரிட்டப் போய்ச் சேந்திருக்கு. அவர் இருந்து ஒவ்வொண்டா மாத்தி அந்த டிஸ்க்கில போட்டிருக்கார். செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு. கூத்துக் களரி. கலியாண வீடுகள். மாமா மத்தளம் அடிக்கிற ஒரு இரவு. மாமா இப்ப இல்ல.

எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில இப்பிடியான சாமான் கனக்க மிஞ்சல்ல, அது தெரியும்தானே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில ஒடுங்கின நிலம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரையோட அல்பங்களையும் கொண்டு போச்சு. 2004 டிசம்பர் 26இல கடல் வந்து எடுத்தது வேற. நடுவில இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில யார் கசெட்டத் தூக்கிக்கொண்டு ஓடினது? ஆக, வெளிநாட்டில ஒரு அலுமாரிக்குள்ள கிடக்கிற கொப்பிதான் சில நேரம் உலகத்திலயே ஒரே கொப்பி.

அந்த ஒரே கொப்பிய அண்ணன் ஒரு கடைக்குக் கொண்டு போனார். (கடைப் பேர் வேணாம். எந்த ஊர் எண்டும் வேணாம்.) செருகிப் பாத்திட்டு, "டிஸ்க் போயிற்று அண்ணன். விட்டுட்டுப் போங்க, போமட் பண்ணித் தாறன், புதுசு மாதிரிப் பாவிக்கலாம்" எண்டிருக்கான் பொடியன்.

அண்ணன் முகம் செத்துப் போய் வீட்ட வந்தார். பெரியம்மா வாசல்ல நிண்டு, "என்ன மனே, தொறக்குதாமா?" எண்டு கேட்டா. அவர் வாய் திறக்கல்ல.

டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்ல. அவர் அங்க பாவிக்கிறது அப்பிள்ட மெக். இங்க கடையில இருந்தது விண்டோஸ். அவ்வளவுதான்!

டிஸ்க்குக்குள்ள என்ன நடக்குது?

இத விளங்கிக்கிட்டா மறுகா பயமே இல்ல. ஹாட் டிஸ்க்கில ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்டு உங்கட வீடியோ, படம், பாட்டு. மற்றது அதெல்லாம் எந்தெந்த இடத்தில கிடக்குது, என்ன பேர், எவ்வளவு நீளம் எண்டு காட்டுற ஒரு பதிவேடு. அந்தப் பதிவேட எழுதுற முறையத்தான் ஃபைல் சிஸ்டம் எண்டு சொல்லுற. போமட் பண்ணுறது எண்டா வெறும் பதிவேடு ஒண்டப் புதுசாத் திறக்கிறது.

ஒவ்வொரு கம்பனியும் தன்ட முறையில எழுதுது. விண்டோஸ்ட முறை என்டிஎஃப்எஸ், 1993இல விண்டோஸ் என்டியோட வந்தது. அப்பிள்ட பழைய முறை எச்எஃப்எஸ் பிளஸ், 1998. அதுக்குப் பதிலா 2017இல ஏபிஎஃப்எஸ் எண்டு புதுசு கொண்டுவந்தாங்க. லினக்ஸ்ட பக்கம் எக்ஸ்ட் எண்டொரு வரிசை, இப்ப கனக்கப் பாவிக்கிறது அதில நாலாவது, 2008இல முழுசா வந்தது.

கோயில்ல கண்ணகி வழக்குரை படிக்கிற ஏட்ட நினைச்சுப் பாருங்க. பழைய ஏட்டில மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்ல. எகரம் ஏகாரம் ரெண்டும் ஒரே மாதிரி. அச்சுப் புத்தகம் மட்டும் படிச்ச ஒராளிட்ட அந்த ஏட்டக் குடுத்தா தடுமாறிப் போவார். அதுக்காக ஏடு செல்லரிச்சுப் போச்சு எண்டு அடுப்பில வைப்பமா? வாசிக்கத் தெரிஞ்ச ஆளத் தேடித்தானே போவம். (பண்டிதர் வி.சீ. கந்தையா ஐயா அப்பிடி ஏடுகளத் தேடிப் படிச்சு 1968இல கண்ணகி வழக்குரைய அச்சில கொண்டுவந்ததாலதான் அது இண்டைக்கு எல்லாருக்கும் கையில கிடைக்குது.)

விண்டோஸுக்கு மெக்ட பதிவேட வாசிக்கத் தெரியா. தெரியாததால "இது வெறும் டிஸ்க்" எண்டு முடிவெடுக்குது. இதுதான் முழுப் பிரச்சினையும்.

எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

டிஸ்க் உண்மையா செத்திட்டா இல்ல வேற முறையா எண்டு பாக்க ஒரு லேசான வழி இருக்கு. விண்டோஸில ஸ்டார்ட் பட்டன்ல வலது கிளிக் பண்ணி "டிஸ்க் மனேஜ்மன்ட்" எடுங்க. அங்க உங்கட டிஸ்க்குக்கு ஒரு வரி இருக்கும். அளவு சரியாக் காட்டுதா? (1 டெராபைட் டிஸ்க் எண்டா விண்டோஸில 931 ஜீபீ.) "ஹெல்தி" எண்டு போட்டிருக்கா? ஆனா ட்ரைவ் எழுத்து இல்லையா? அப்ப டிஸ்க் நல்ல சுகமா இருக்கு, பதிவேடுதான் வேற முறை.

அந்த இடத்தில கை கவனம். மெக் டிஸ்க்கில வலது கிளிக் பண்ணினா மற்ற எல்லாம் மங்கிப் போய், "டிலீட் வொலியூம்" மட்டும் பளிச்செண்டு தெரியும். அதத் தொடாதீங்க. "இனிஷலைஸ்" எண்டு வேற ஒரு பெட்டி வந்தாலும் கான்சல்தான்.

கடக்கு கடக்கு எண்டு சத்தம் வருகுது, அளவே காட்டல்ல, செருகினாலும் சுத்தல்ல எண்டா அது வேற கதை. அது உண்மையான பழுது. அதுக்கு இந்தப் பதிவு உதவாது. கழட்டி வச்சிட்டு, தரவு மீட்கிற ஆக்களிட்டப் போங்க.

அண்ணன்ட டிஸ்க்கில "ஹெல்தி" எண்டு அழகா இருந்தது. எனக்கு அப்பவே மனசு குளிந்திட்டு.

நான் செய்து பாத்ததுகள்

முதல்ல டிவி. பொடியனுகள் "டிவில செருகுங்க மாமா" எண்டு நிண்டானுகள். செருகினம், ஒண்டும் இல்ல. கனக்க டிவிகள் ஃபாட் 32 எண்டுற இன்னொரு முறை, என்டிஎஃப்எஸ் ரெண்டையும்தான் பாக்கும். ரெக்கோட் பண்ணுற வசதியுள்ள டிவி எண்டா கவனம், அது தனக்கெண்டு போமட் பண்ணவா எண்டு கேக்கும். ஓம் எண்டு சொல்லிராதீங்க.

மறுகா ஃபோன். ஓடிஜி வயரில கொழுவிப் பாத்தா அங்கயும் அதே கூத்து. "இந்த டிஸ்க் பொருந்தாது, சரிசெய்ய இங்க தட்டுங்க" எண்டு வரும். அந்தச் சரிசெய்யிறதும் போமட்தான், வேற பேரில!

சரி, ஒழுங்கான வழிக்கு வருவம்.

லேசான வழி, இன்னொரு மெக்கில செருகிறது. ஆனா எங்கட பக்கத்தில யாரிட்ட மெக் இருக்கு? அண்ணன் தன்டயும் பாரம் எண்டு அங்கயே விட்டுட்டு வந்திட்டார். களுவாஞ்சிகுடிப் பக்கம் விசாரிச்சுப் பாத்தன், அந்த நேரத்துக்கு ஒண்டும் கிடைக்கல்ல.

அடுத்தது, விண்டோஸில ஒரு சொஃப்ட்வெயார். எச்எஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் எண்டு சும்மா கிடைக்குது. ஜாவா போட்டிருக்க வேணும், அட்மினிஸ்ட்ரேட்டரா திறக்க வேணும். திறந்ததும் டிஸ்க்கத் தெரிவு செஞ்சா உள்ள இருக்கிற ஃபோல்டர் எல்லாம் மரம் மாதிரி விரியும். அதில எனக்கு ஆகப் பிடிச்சது ஒண்டு: அதுக்கு எடுக்க மட்டும்தான் தெரியும், எழுதத் தெரியா. ஆகவே நீங்க என்னத்தத் தட்டினாலும் அங்கால டிஸ்க்குக்கு ஒரு சேதமும் வராது. நான் முதல்ல அதிலதான் திறந்தன். ஃபோல்டர் பேருகள் வரிசையா வந்திச்சு. "குளிர்த்தி", "கூத்து", "மாமா".

பெரியம்மாவக் கூப்பிட்டுக் காட்டினன். அவவுக்குப் பேருகள் வாசிக்க ஏலாத அளவுக்குக் கண் கலங்கிட்டு.

காசு குடுத்து வாங்குற மெக்டிரைவ், பாரகன் போன்றதுகளும் இருக்கு. கொஞ்ச நாளைக்குச் சும்மா பாவிச்சுப் பாக்க விடுவாங்க, ஒரு தரம் கொப்பி பண்ணி எடுக்க அதுவே காணும். புது மெக்கில, ஏபிஎஃப்எஸ் முறையில போமட் பண்ணின டிஸ்க் எண்டா எச்எஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் சரிவராது. அப்ப இந்த வழியத்தான் பாக்க வேணும்.

ஆனா 400 ஜீபீ அளவு வீடியோவ எடுக்க எனக்கு லினக்ஸ்தான் பிடிச்சது. அதக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டா இது சும்மா கிடைக்குது, எந்தப் பழைய லெப்டொப்பிலயும் ஓடும், உங்கட விண்டோஸுக்கு ஒண்டும் ஆகாது.

8 ஜீபீக்குக் குறையாத ஒரு பென் ட்ரைவ் எடுங்க (அதில உள்ளது அழியும், வெறும் பென்னா இருக்கட்டும்). உபுண்டு எண்டுற லினக்ஸ அதன்ட தளத்தில இருந்து இறக்குங்க. புது உபுண்டு 5 ஜீபீக்கு மேல வருகுது, ஆகவே டேட்டாவப் பாத்து, ராப் பெக்கேஜ் இருந்தா ராவையில இறக்குங்க. ரூஃபஸ் எண்டு ஒரு சின்னச் சொஃப்ட்வெயார், அது உபுண்டுவப் பென்னுக்கு ஏத்தித் தரும். மறுகா லெப்டொப்ப நிப்பாட்டி, பென்னச் செருகி, போட்டதும் எஃப் 12ஓ எஃப் 9ஓ (லெப்டொப்புக்கு லெப்டொப் வேற) அமத்தி, பென்னில இருந்து தொடங்கச் சொல்லுங்க. "ட்ரை உபுண்டு" எண்டு ஒண்டு வரும். அதத்தான் எடுக்க வேணும், "இன்ஸ்டோல்" இல்ல!

உபுண்டு வந்ததும் ஹாட் டிஸ்க்கச் செருகினன். இடது பக்கத்தில ஒரு சின்னப் படம் வந்திச்சு. தட்டினன். திறந்திட்டு.

போமட் கேள்வி இல்ல. ஒரு சொஃப்ட்வெயாரும் போடல்ல. லினக்ஸுக்கு மெக்ட எச்எஃப்எஸ் பிளஸையும் வாசிக்கத் தெரியும், விண்டோஸ்ட என்டிஎஃப்எஸ்ஸையும் வாசிக்கத் தெரியும், ஃபாட் 32உம் எக்ஸ்ஃபாட்டும் தெரியும். உலகம் முழுக்க இருக்கிற ஆக்கள் கூட இருந்து எழுதின வேலை இது. என்டிஎஃப்எஸ்ஸில எழுதுறதுக்கு மைக்ரோசொஃப்ட் வழி காட்டாத காலத்தில, 2007இல என்டிஎஃப்எஸ்-3ஜி எண்டு ஒண்ட நம்பிப் பாவிக்கிற அளவுக்குக் கொண்டுவந்திட்டாங்க. அந்த ஆக்களுக்கு நான் மனசார நன்றி சொல்லுறன்.

மெக் டிஸ்க்க உபுண்டு வழமையா வாசிக்க மட்டும்தான் திறக்கும், எழுத விடாது. ("ஜேர்னல்" எண்டுற பாதுகாப்புக் கணக்கு அதில ஓடுறதால.) நமக்கு அது நல்லது. சில ஃபோல்டரில பூட்டுப் படம் தெரிஞ்சா பயப்பிடாதீங்க, அது மெக்கில இருந்த ஆள்ட உரிமை. டெர்மினல்ல சூடோ போட்டுக் கொப்பி பண்ணினா வரும்.

கொப்பி பண்ணுற நேரத்தில வந்த சண்டை

இப்ப எடுத்தத எங்க போடுற? லெப்டொப்புக்குள்ளயே போடுவம் எண்டு பாத்தா, "இதில எழுத ஏலா" எண்டு உபுண்டு சொல்லுது.

இதுக்குக் காரணம் விண்டோஸ். விண்டோஸ் 8இல இருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" எண்டு ஒண்டு இருக்கு. நீங்க ஷட்டவுன் பண்ணினாலும் அது முழுசா நிப்பாட்டாது, பாதி நித்திரையில கிடக்கும். டிஸ்க்கையும் விடாது. அது நித்திரையில இருக்கிற நேரம் வேற ஆள் எழுதினா தரவு குழம்பும். அதனால லினக்ஸ் எழுத மறுக்குது, சரியாத்தான் மறுக்குது. வழி லேசு: விண்டோஸுக்குத் திரும்பப் போய், ஷிஃப்ட் விசைய அமத்திக்கொண்டு ஷட்டவுன் குடுங்க. அப்ப முழுசா நிக்கும்.

புது விண்டோஸ் 11 லெப்டொப் வச்சிருக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. உங்களுக்குத் தெரியாமலே பிட்லொக்கர் பூட்டு போட்டிருக்கக்கூடும். பென்னில இருந்து தொடங்கப் போக முதல், மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள்ள போய் அந்த மீட்புச் சாவி இலக்கத்த ஒரு கொப்பியில எழுதி வையுங்க. மறுகா லெப்டொப் அதக் கேட்டா தேடித் திரிய வேணாம்.

நேரம் எவ்வளவு எடுக்கும்? பழைய யூஎஸ்பி 2 ஓட்டை எண்டா செக்கனுக்கு 30 எம்பீ அளவில போகும். 400 ஜீபீக்கு நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டை எண்டா ஒண்டேகால் மணித்தியாலம் மட்டில முடியும். வயரையும் ஓட்டையையும் பாத்துச் செருகுங்க. கரண்ட் போனா தாங்குற மாதிரி லெப்டொப் பற்றரி நிறைஞ்சிருக்க வேணும். (2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில இருந்த ஆக்களுக்கு இதச் சொல்லித் தரத் தேவையில்ல.)

கொப்பி முடிஞ்சு விண்டோஸில பாத்த அண்ணன் திடுக்கிட்டுட்டார். "மெக்கில 400 ஜீபீ இருந்தது தம்பி, இங்க 372தான் காட்டுது, 28 ஜீபீ எங்க?" ஒண்டும் போகல்ல. மெக் 1000த்தால பிரிச்சுக் கணக்குப் பாக்குது, விண்டோஸ் 1024ஆல பிரிக்குது. ரெண்டும் ஒரே அளவுதான். ஃபைல் எத்தனை எண்டு எண்ணிப் பாத்தா சந்தேகம் தீரும்.

தமிழ்ப் பேர் வச்ச ஃபைலுகள்

இத எழுத எனக்குச் சந்தோசமா இருக்கு, ஏனெண்டா இங்கிலீசில பேர் வைக்கிற ஆக்களுக்கு இந்தச் சிக்கல் கனக்க இல்ல.

அண்ணன் எல்லா ஃபைலுக்கும் தமிழ்ல பேர் வச்சிருந்தார். நல்ல வேலை. ஆனா அவர் மெக்கில சிப் பண்ணி வச்சிருந்த சில கட்டுகள விண்டோஸில விரிச்சிட்டு, "கோயில்" எண்டு தேடினா ஒண்டும் வரல்ல. கண்ணுக்கு முன்னால "கோயில்" எண்டு ஃபைல் கிடக்குது!

காரணம் என்னெண்டா, எச்எஃப்எஸ் பிளஸ் முறை ஓகாரத்த ஒரே குறியா வைக்காது. கொம்பத் தனியா, அரவத் தனியா, ரெண்டாப் பிரிச்சு வைக்கும். ஒகரமும் ஔகாரமும் அப்பிடித்தான். நாங்க விண்டோஸில தட்டினா ஓகாரம் ஒரே குறியா விழுகுது. திரையில ரெண்டும் ஒரே மாதிரித் தெரிஞ்சாலும் கொம்பியூட்டருக்கு அது வேற, இது வேற. "கொம்புமுறி" எண்டு தேடினாலும் இதே கதை. அந்த எழுத்து இல்லாத துண்டத் தேடினாக் கிடைக்கும்: "யில்", "புமுறி". "குளிர்த்தி" எண்டு தேடினா ஒரு பிரச்சினையும் இல்ல.

அடுத்தது நீளம். லினக்ஸ்ட எக்ஸ்ட் 4இல ஒரு ஃபைல் பேருக்கு 255 பைட்தான் இடம். இங்கிலீசு எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் மூண்டு பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் சேத்து. "மட்டக்களப்பு" எண்டுற சொல் மட்டும் 36 பைட். "செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு கடைசி நாள் குளிர்த்தி இரவு வீடியோ முதலாம் பகுதி" எண்டு பேர் வச்சா 270 பைட். மெக்கும் விண்டோஸும் ஏத்துக்கொள்ளும். லினக்ஸ் டிஸ்க்குக்குப் போட்டா "பேர் நீளம்" எண்டு திருப்பிரும். ஆகவே பேரச் சுருக்கமா, வருஷத்தோட வையுங்க. விவரத்த ஒரு தனி எழுத்துக் கோப்பில எழுதி அதே ஃபோல்டரில போடுங்க.

கேள்விக்குறி, முக்கால்புள்ளி, நட்சத்திரம் இதுகள் விண்டோஸில ஃபைல் பேரில வரக்கூடா. அண்ணன் ஒரு வீடியோவுக்கு "இது யார்ட கலியாணம்?" எண்டு பேர் வச்சிருந்தார். கேள்விக்குறிய எடுத்தாத்தான் இங்க வரும். (அது எங்கட சின்னம்மாட கலியாணம். வீட்டில எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க.)

இன்னும் ஒண்டு, பாமினி. பழைய வேர்ட் ஃபைலுகள், சடங்கு நோட்டீஸ், கூத்துப் பாட்டுக் கொப்பி எல்லாம் பாமினி எழுத்துருவில அடிச்சது. புது லெப்டொப்பில திறந்தா அர்த்தமில்லாத இங்கிலீசு எழுத்துக் குவியல் தெரியும். அதையும் "பழுதான ஃபைல்" எண்டு அழிச்ச ஆக்கள் இருக்காங்க. பாமினி எழுத்துருவப் போட்டாத் தமிழ் வந்திரும். இல்லாட்டி பாமினியில இருந்து யுனிகோட்டுக்கு மாத்துற கருவி இணையத்தில சும்மா கிடைக்குது.

உள்ள என்ன இருந்தது?

கூத்து வீடியோ கசெட் இல்ல, கமராக் காட்டில எடுத்தது, துண்டு துண்டாக் கிடந்தது. ஒரு இரவுக் கூத்து, ஆனா ஒவ்வொரு துண்டும் 4 ஜீபீயில நிக்குது. அதுவும் ஃபைல் சிஸ்டத்திட வேலைதான். ஃபாட் 32இல ஒரு ஃபைல் 4 ஜீபீக்கு மேல வர ஏலா. கமராக் காட் அந்த முறையில இருந்தா, கமரா தானாவே வெட்டி வெட்டி எழுதும். வட்டக் களரியில விடிய விடிய ஆடுற தென்மோடிக் கூத்து, பாட்டு நடுவில வெட்டுப்பட்டு அடுத்த துண்டில தொடருது. பரவாயில்ல, ஒட்டலாம்.

மாமாட இரவு ஒரு பழைய கசெட்டில இருந்து மாத்தினது. படம் மங்கல். ஆனா சத்தம் இருக்கே! மத்தளம் அவ்வளவு தெளிவு. அண்ணாவியார் தாளம் போட்டுச் சொல்லுறார், மாமா அத அப்பிடியே வாங்கி அடிக்கிறார், ஒரு இடத்தில சிரிக்கிறார். நாங்க யாரும் கதைக்கல்ல. பெரியம்மா மட்டும், "திரும்பப் போடு மனே" எண்டா.

கூத்துப் பிரதிகள அச்சில காப்பாத்தின ஆக்கள் இருக்காங்க. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இலயே அலங்காரரூபன் நாடகத்தப் பதிப்பிச்சார். பாட்டு அதால மிஞ்சிச்சு. ஆனா எங்கட ஊர் அடி, எங்கட ஊர் தாளம், அந்தக் குரல், அது புத்தகத்தில வராது. கசெட்டிலயும் ஹாட் டிஸ்க்கிலயும்தான் கிடக்குது. அத "போமட் பண்ணித் தாறன்" எண்டு சொன்னா எனக்கு எப்பிடி இருக்கும்?

கடைக்காரப் பொடியன்ட மனசில கள்ளம் இல்ல. அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல்ல. ஆனா அடுத்தாள்ட டிஸ்க்க வாங்குற ஆக்கள் ஒரு கேள்வி கட்டாயம் கேக்க வேணும்: "இத எந்தக் கொம்பியூட்டரில பாவிச்சீங்க?" அந்த ஒரு கேள்விய அண்டைக்கு யாரும் கேக்கல்ல.

ஏற்கெனவே அமத்திட்டீங்களா?

அப்பிடியெண்டாலும் முழுசா நம்பிக்கை இழக்காதீங்க. "குவிக் போமட்" எண்டா பதிவேடு மட்டும்தான் புதுசாகும், வீடியோக்கள் அந்தந்த இடத்திலயே கிடக்கும். உடனே டிஸ்க்கக் கழட்டுங்க. ஒரு ஃபைலும் புதுசா அதில போடாதீங்க, போட்டாத்தான் பழசு மேல எழுதுப்படும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் எண்டு ரெண்டு சும்மா கிடைக்கிற கருவிகள் இருக்கு. ஃபோட்டோரெக் பேரத் தராது, ஆனா படத்தையும் வீடியோவையும் தேடித் தரும். மீட்டு எடுக்கிறத வேற டிஸ்க்கில போட வேணும்.

குவிக் இல்லாம முழு போமட் குடுத்தா, விண்டோஸ் விஸ்டாவில இருந்து அது டிஸ்க் முழுக்கப் பூச்சியம் எழுதுது. அதுக்கு மருந்தில்ல.

அப்ப எந்த முறையில வைக்கிற?

ரெண்டு பக்கமும் கொண்டு திரியிற டிஸ்க் எண்டா எக்ஸ்ஃபாட். மைக்ரோசொஃப்ட் 2006இல கொண்டுவந்தது, 4 ஜீபீ வரம்பு இல்ல. மெக் 2010இல இருந்து வாசிக்கும், எழுதும். 2019 ஓகஸ்டில மைக்ரோசொஃப்ட் அதன்ட விவரத்த வெளியில விட்டதுக்குப் பிறகு லினக்ஸும் தனக்குள்ளயே சேத்திட்டு. 32 ஜீபீக்கு மேற்பட்ட கமராக் காட்டுகளும் இந்த முறையிலதான் வருகுது.

எக்ஸ்ஃபாட்டில ஒரு குறை இருக்கு. ஜேர்னல் இல்ல. எழுதிக்கொண்டு இருக்கிற நேரம் வயர இழுத்தா பதிவேடு குழம்பக்கூடும். "சேஃப்லி ரிமூவ்" குடுத்திட்டுக் கழட்டுங்க. கொண்டுபோய்க் குடுக்கிறதுக்கு எக்ஸ்ஃபாட், வீட்டில நிரந்தரமா வைக்கிறதுக்கு உங்கட கொம்பியூட்டர்ட சொந்த முறை, இப்பிடி ரெண்டு கொப்பி வையுங்க. மெக்கில இருந்து வந்த எக்ஸ்ஃபாட் டிஸ்க்கில ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில புள்ளியும் கீழ்க்கோடுமாத் தொடங்குற ஒரு குட்டி ஃபைல் கிடந்தா குழம்பாதீங்க. அது மெக் தனக்கு எழுதி வைக்கிற குறிப்பு, வீடியோ பழுதாகல்ல.

என்டிஎஃப்எஸ்ஸில குடுத்தாலும் மெக் வாசிக்கும், எழுதத்தான் ஏலா. லினக்ஸ் டிஸ்க் விண்டோஸுக்கு வந்தா, விண்டோஸ் 11இல டபிள்யூஎஸ்எல் எண்டுற வசதியால திறக்கலாம். கொஞ்சம் கட்டளை தட்ட வேண்டிய வேலை. தெரியாட்டி மேல சொன்ன உபுண்டுப் பென் போதும்.

அண்ணன்ட டிஸ்க்கில இருந்து எடுத்தது இப்ப எங்கட வீட்டில ஒண்டு, தங்கச்சி வீட்டில ஒண்டு. சடங்கு வீடியோக்களக் கோயில் ஆக்களிட்டக் கேட்டு, அவங்க சம்மதிச்சா நூலகம் நிறுவனத்திட ஆவணகத்துக்குக் குடுக்க வேணும் எண்டு வீட்டில கதைச்சிருக்கிறம். 2005இல இருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களச் சேத்து இணையத்தில எல்லாருக்கும் திறந்து வைக்கிற ஆக்கள் அவங்க. ஒரு வீட்டு அலுமாரிய விட அது பாதுகாப்பு.

அடுத்த வைகாசிக்கு ஊருக்கு வாற சொந்தங்களே, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். டிஸ்க்க எக்ஸ்ஃபாட்டில போட்டுக் கொண்டுவாங்க. அதுக்கு நேரம் இல்லாட்டி, டிஸ்க்கில ஒரு சின்னக் கடதாசி ஒட்டி "மெக்", "விண்டோஸ்", "லினக்ஸ்" எது எண்டு எழுதிவிடுங்க. பாஸ்வேட் போட்டுப் பூட்டியிருந்தா, ஊரில நம்பிக்கையான ஒராளிட்டயாவது அதச் சொல்லி வையுங்க. பாஸ்வேட் தெரியாட்டி, பூட்டின டிஸ்க்க உபுண்டுவாலயும் திறக்க ஏலா.